காட்டேரிக்குப் பேர் வைத்தவர்

ராஜாங்கத்துக்கு இருட்டென்றால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் 'காரிருளன்' என்ற புனைபெயரில் எழுதி, புதுச்சேரியில் பாதிப் பேரை ஜன்னலைச் சாத்திக்கொண்டு வியர்வையில் தூங்க வைத்த மனிதர் அவர்தான். பஞ்சாலையில் இரண்டாம் ஷிப்டு முடிந்து நெல்லித்தோப்புக்குத் திரும்பும்போது, அந்தப் பக்கம் போகிறவர் யாராவது கிடைத்தால்தான் சைக்கிளை எடுப்பார். ராத்திரியில் கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால் மனைவி மணியம்மாள் எழுந்து கூட நிற்க வேண்டும்.

"ஊரே உங்க கதையப் படிச்சு நடுங்குது. நீங்க என்னடான்னா பல்லிக்குக் கத்துறீங்க" என்பாள் அவள்.

"பயப்படுறவனுக்குத்தான்டி பயம் காட்டத் தெரியும்" என்பார் அவர். அந்தப் பதிலில் அவருக்கு ரொம்பப் பெருமை.

கருவடிக்குப்பத்தில் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பு நின்று, பத்தொன்பது வயதில் மில்லுக்குப் போனார். ஓடுகிற நூற்புக் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கைக்குத்தான் வேலை, மண்டைக்கு இல்லை. அதனால் மண்டை சும்மா இருக்காமல் கதை கட்ட ஆரம்பித்தது. முதலில் துப்பறியும் கதைகள் எழுதினார். அதில் எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டு, பனியில் நடந்து, காபி குடித்தார்கள். ராஜாங்கம் பனியைப் பார்த்ததில்லை. வாசகர்களுக்கும் அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது, யாரும் வாங்கவில்லை.

அதை அச்சடித்தவர் கிருஷ்ணசாமி. நெல்லித்தோப்பில் சின்னதாக ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மிச்ச நேரத்தில் மாத நாவல். அவர்தான் ஒருநாள் சொன்னார்.

"கோட்டு போட்டவனெல்லாம் வேணாம் ராஜாங்கம். ரத்தக் காட்டேரி எழுதுங்க. அதுவும் நம்ம ஊரு காட்டேரியா இருக்கணும். வெளியூரு பேய எவன் காசு குடுத்து வாங்குவான்? நம்ம தெருமுனையில நிக்குதுன்னாதான் வாங்குவான்."

நம்ம ஊர்க் காட்டேரி எங்கே இருக்கும் என்று யோசித்தபோது உப்பளம் கல்லறைத் தோட்டம்தான் ராஜாங்கத்தின் நினைவுக்கு வந்தது. தினம் மில்லுக்குப் போகிற வழியில் சைக்கிளை வேகமாக மிதித்துக் கடக்கிற இடம். 1980 சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். காட்டேரிக் கதைக்கு இடம் பார்க்க நண்பகலில் போன எழுத்தாளர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உள்ளே போன பிறகு பயம் மறந்துவிட்டது. அவ்வளவு இருந்தது பார்க்க. பளிங்கில் தேவதைகள், துரு ஏறிய இரும்பு வேலிகள், சின்ன வீடு மாதிரியே தூணும் கதவும் வைத்துக் கட்டிய சமாதிகள். அதை ஒட்டியே சிமெண்டுத் திட்டில் தமிழில் எழுதிய ஏழைக் கல்லறைகள். வெள்ளைக்காரர், தமிழர், சைகோன் வரைக்கும் போய் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தாக்கள் எல்லோரும் அடுத்தடுத்துப் படுத்திருந்தார்கள். ராஜாங்கத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எழுத்துக் கூட்டிப் பேரைப் படிப்பார், எண்ணைப் படிப்பார். அப்படிப் படித்துக்கொண்டே போனவர் கறுப்புக் கல் பதித்த ஒரு கல்லறைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

கல்லில் இரண்டு பேர். இடது பக்கம் லூயி சவரிநாதன், பிறந்த வருஷம் 1901, இறந்த வருஷம் 1961. வலது பக்கம் ரொசாலி சின்னப்பாப்பா, பிறந்த வருஷம் 1908. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்பால் வழவழப்பான வெறும் கல்.

ராஜாங்கத்துக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. பேர் இருக்கிறது, கல்லறை இருக்கிறது, சாவு மட்டும் இல்லை. இதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் சாதி சனத்தில் உயிரோடு இருக்கிறவர் பேரைச் சாவுக் காரியத்தோடு சேர்த்து வாயால் சொன்னாலே, மூன்று தரம் துப்பச் சொல்லுவார்கள். கல்லில் வெட்டி வைப்பார்களா? வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் கதை போய்விடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்ததாகப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

நாவல் அந்த வருஷம் ஆவணியில் வந்தது. 'இறந்த தேதி இல்லாதவள்' என்று பேர். பெண்ணின் பேரையாவது மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பேர் அப்படியே இருந்தால்தான் ஜனம் போய்ப் பார்க்கும் என்று கிருஷ்ணசாமி சொன்னார், ராஜாங்கமும் ஆசையாகத் தலையாட்டினார். கதையில் ரொசாலி சின்னப்பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. இடுப்புவரை கூந்தல். சாயங்காலம் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, மில்லு விட்டுத் தனியாக வருகிறவனை மடக்கிக் கழுத்தில் வாய் வைத்தாள். கடைசியில் கதாநாயகன் அவளைக் கட்டிப்போட ஒரு வழி கண்டுபிடித்தான். பேயை ஆணி அடித்து மரத்தில் இறக்குவது நம் வழக்கம்தானே? வெள்ளைக்காரச் சாயல் உள்ள காட்டேரி என்பதால் மரத்துக்குப் பதில் கல்லறையின் இணைப்பில் இரும்பு ஆணி அடித்தான். பின்னட்டையில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'மார்கழியில் இரண்டாம் பாகம். கல்லறை உடைக்கப்படும்!'

புத்தகம் பறந்தது. பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், மில் கேண்டீனில் அதே பேச்சு. காரிருளன் யார் என்பது கிருஷ்ணசாமிக்கும் மணியம்மாளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ராஜாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்க்கும் ஜானகிராமன் அவரிடமே வந்து, தன் மச்சான் உப்பளத்தில் ரொசாலியை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்தான். கொலுசு எந்தக் காலில் போட்டிருந்தாள் என்பது வரைக்கும் சொன்னான். ராஜாங்கம் நூலை முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன்னையும் அறியாமல் உண்மையைத்தான் எழுதிவிட்டோமோ என்று.

இரண்டாம் பாகத்தை எழுதி முடித்துக் கிருஷ்ணசாமியிடம் கொடுத்தாகிவிட்டது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கூட்டமாக இருக்கும், பயமில்லை என்று அன்று மதியம் உப்பளம் போனார். வாசலிலிருந்தே சாமந்திப் பூ வாசம். குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, பகலிலேயே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் கறுப்புக் கல்லைத் தேடிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு மடக்கு நாற்காலியில் வயதான அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி, மடியில் ஒரு கைப்பை. கையில் குறடு. குனிந்து குனிந்து கல்லின் இணைப்பிலிருந்து எதையோ பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கையில பெலம் இருக்கா? இந்த ஆணியப் புடுங்கிக் குடேன். எனக்கு வெரல் மடங்க மாட்டேங்குது."

ராஜாங்கம் பார்த்தார். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து ஆணிகள் இருந்தன. கல் ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது.

"யாரோட கல்லறைம்மா இது?"

"எங்க வூட்டுக்காரரோடது. பக்கத்துல எனக்கு."

"ஒங்களுக்குன்னா?"

"அவரு போனப்பவே ரெண்டு பேருக்கும் சேத்து வெட்டிட்டோம். ஒரே கல்லு, ஒரே ஆசாரி. நான் போனதும் தேதிய மட்டும் போட்டாப் போதும். எங்கள்ல நெறையப் பேரு அப்டித்தான் செய்வாங்க. ஏன், நீ பாத்ததில்லையா?"

ராஜாங்கம் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரொசாலி சின்னப்பாப்பான்னு..."

"நான்தான்" என்றாள் அந்த அம்மாள். "நீயும் அந்தப் புஸ்தகத்தப் படிச்சியா? எவனோ எழுதிருக்கானாம், நான் ரத்தம் குடிக்கிறேன்னு. எனக்கு இருக்குறதே நாலு பல்லு. இட்டிலியவே ஊற வெச்சித்தான் திங்கிறேன்."

அவர் குறடை வாங்கி ஆணிகளைப் பிடுங்கினார். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சுத் துணைக்கு ஏங்கிப் போனவள் பேச்சு. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் நின்றுவிட்டது. தெருக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரிக்‌ஷாக்கார அம்மாவாசைகூட இவளைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொள்கிறான். அம்மாவாசை என்று பேர் வைத்துக்கொண்டு பேய்க்குப் பயப்படுகிறவனை என்ன சொல்ல?

"அதெல்லாம் போவட்டும். எதிர் வூட்டு ஜெயம். அவ வூட்டுக்காரரும் சொல்தா, எங்க வூட்டுக்காரரும் சொல்தா. சைகோன்ல ஒரே தெருவுல குடியிருந்தோம். முப்பது வருசமா காலைல அவ வூட்டுக் காப்பிதான் எனக்கு. ஆவணியிலேர்ந்து ஜன்னலக்கூட தொறக்கல."

ராஜாங்கம் அடுத்த ஆணியைப் பிடுங்கினார்.

"அடுத்த மாசம் இத ஒடைக்கப் போறாங்களாமே? புஸ்தகத்துக்குப் பின்னாடி போட்டிருக்கானாம்."

"அது கதைதாம்மா. கதையில ஒடைக்கிறது."

"இந்த ஆணியும் கதையிலதான தம்பி அடிச்சான்?" என்றாள் ரொசாலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உள்ள அவரு இருக்காரு. அவரக் கலைச்சிட்டா நான் எங்க போயிப் படுக்குறது? எனக்கு வேற என்ன வேணும் சொல்லு. அந்த எடம் ஒண்ணுதான்."

அன்று முதல் ராஜாங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மில்லுக்குப் போகும் வழியில் உப்பளத்தில் அவள் தெருவில் சைக்கிளை நிறுத்தி, இரண்டு குடம் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டுப் போக ஆரம்பித்தார். ஜெயம் வீட்டு ஜன்னல் எதிரே சாத்தியே கிடக்கும். ரொசாலி அவருக்கு மீனோ முட்டையோ எடுத்து வைத்துக் கொடுப்பாள். "யாரு பெத்த புள்ளையோ, எனக்குச் செய்யுது" என்பாள். அந்தச் சோற்றை அவர் மில் வாசலில் நாய்க்குப் போட்டுவிடுவார். தின்னத் தைரியம் வரவில்லை.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மணியம்மாள். "மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

"என்னன்னு சொல்றது? ஒன்ன உயிரோட சமாதியில வெச்சது நான்தான்னா?"

"ஆமா, அத்தத்தான் சொல்லணும்."

சொல்வது இருக்கட்டும், முதலில் இரண்டாம் பாகத்தை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தார். அதில் ஊர் ஜனம் திரண்டு போய்க் கடப்பாரையால் கல்லறையை உடைக்கிறது. அடி அடியாக, எந்த மூலையில் முதலில் போட வேண்டும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தார். ஆணியே அடித்தவர்கள் கடப்பாரையை எடுக்க எவ்வளவு நேரமாகும்?

அச்சகத்துக்குப் போனபோது காலை பத்து மணி. கிருஷ்ணசாமி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"அந்தம்மா உயிரோட இருக்குதா? அடடே, இது இன்னும் நல்லாருக்கே! இத்தயும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

"வெளையாடாதீங்க மொதலாளி. ஒடைச்சிருவாங்க."

"எவன்யா கதைய நெசம்னு நம்புறான்?"

"எழுதின நானே நம்பினேன். கையெழுத்துப் பிரதியக் குடுத்துடுங்க, வேணாம்."

"மத்ததெல்லாம் அச்சாயிடிச்சி. கடேசி பதினாறு பக்கந்தான் பாக்கி. அதுவும் கோத்து வெச்சிட்டா செல்வாம்பாள். மத்தியானம் மிஷின்ல ஏறப் போவுது."

எழுத்துக் கோக்கும் செல்வாம்பாள் மூலையில் நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே மேசையில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டிய கடைசிப் பாரம் தயாராக இருந்தது. கல்லறை உடைகிற பக்கங்கள். ராஜாங்கம் வாழ்நாளில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட வேண்டுமென்று உடைத்ததில்லை. அவர் மேசைப் பக்கம் போனார். கட்டியிருந்த நூலை அவிழ்த்தார். இரண்டு கையாலும் பாரத்தைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார். பதினாறு பக்கமும் கொட்டி, எழுத்துகள் பீரோவுக்கடியிலும் வாசல்படியிலும் சிதறி ஓடின.

செல்வாம்பாள் "ஐயோ" என்று தலையில் கை வைத்தாள். எட்டு நாள் வேலை அவளுக்கு. அவள் அழுததைப் பார்த்து ராஜாங்கத்துக்கும் அழுகை வந்தது. ஆனால் ஆணியில் மாட்டியிருந்த கையெழுத்துத் தாள்களை உருவி மடியில் கட்டிக்கொள்ள மறக்கவில்லை.

"இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்றார் கிருஷ்ணசாமி. ராஜாங்கம் ஏறவில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் மில்லுக்கு லீவு லெட்டர்தான்.

மார்கழி பிறந்தது. இரண்டாம் பாகம் வரவில்லை. ராஜாங்கம் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

"சேதி தெரியுமா?" என்றான் ஜானகிராமன், இயந்திரச் சத்தத்துக்கு மேலே காதில் கத்தி. "காரிருளன் செத்துட்டானாம்யா. கழுத்துல ரெண்டு ஓட்ட. ஒடம்புல பொட்டு ரத்தம் இல்லியாம். அதாலதான் ரெண்டாம் பாகம் வரல. எழுதினவனையே முடிச்சிட்டா பாரு!"

ராஜாங்கத்தின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

வதந்தி வரிவரியாக வளர்ந்தது. எழுதினவனையே விடாதவள் மற்றவனை விடுவாளா? ரொசாலி வீட்டுக் கதவில் யாரோ கரியால் சிலுவை போட்டார்கள். கல்லறையின் விரிசல் விட்ட மூலை ஒருநாள் பெயர்ந்து கிடந்தது. மில் கேண்டீனில் பையன்கள் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள், போகியன்று பழையதைக் கொளுத்துகிறபோது இந்தப் பழையதற்கும் ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று. போகிக்கு எட்டு நாள் இருந்தது. ராஜாங்கம் கதையை நிறுத்தியதுதான் இதற்கும் காரணம். எதைச் செய்தாலும் அவள் தலையிலேயே போய் விடிந்தது.

மறுநாள் தண்ணீர்க் குடத்தோடு போனபோது ரொசாலி ஒரு மெழுகுவத்தியின் முன்னால் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குங்கம்மா மெழுகுவத்தி?"

"அந்தக் கதை எழுதின பையன் செத்துட்டானாமே தம்பி. பாவம், எந்தத் தாயி பெத்த புள்ளையோ. எனக்குக் கெடுதல் செஞ்சான், வாஸ்தவம். அதுக்காவ சாவட்டும்னா நெனச்சேன்? அவன் ஆத்துமாவுக்குன்னு ஒண்ணு கொளுத்தி வெச்சேன்."

ராஜாங்கம் குடத்தை இறக்கினார். இறக்கினாரோ, நழுவவிட்டாரோ. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் சாவலம்மா. நான்தான் அவன்."

ரொசாலிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் ஜெபமாலை நின்றது.

"எத்தினி வருசமா இந்த வழியா மில்லுக்குப் போற?"

"இருவத்தோரு வருசமா."

"இருவத்தோரு வருசமா நான் இந்த வாசல்லதான் கீரை வாங்குறேன். கல்லுல என் பேரப் படிச்ச. ஊருல இப்படி ஒருத்தி இருக்காளான்னு ஒரு ஆளக் கேட்டியா?"

அவர் கவிழ்ந்து கிடந்த குடத்தை நிமிர்த்தி வைத்தார்.

"எழுந்து போ" என்றாள். "ரெண்டு மாசம் எனக்குத் தண்ணி ஊத்தினியே, அதுக்காவ மெதுவாச் சொல்றேன். போ."

போனார். ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கொரு முறை பிரெஞ்சுத் தூதரகமான கொன்சுலா ஆபீசுக்கு நேரில் போய், தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய முறை வெள்ளிக்கிழமை. எப்போதும் ஜெயமும் அவளும் ஒரே ரிக்‌ஷாவில் போவார்கள் என்று அவளே சொல்லியிருந்தாள். இந்த வருஷம் ரிக்‌ஷாவும் இல்லை, ஜெயமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ராஜாங்கம் தெருமுனையில் நின்றார். ரொசாலி குடையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி நடந்தாள். அவர் பத்தடி பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். முழங்கால் வலிக்காக நாலு இடத்தில் அவள் நின்றாள். நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். கடற்கரைப் பக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கொன்சுலா தாழ்வாரத்தில் நீளமாக பெஞ்சுகள். மெடல் குத்திய கோட்டோடு வயதான சொல்தாக்கள், கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விதவைகள், முப்பது நாற்பது பேர் இருக்கும். ரொசாலி போய் உட்கார்ந்ததும் அந்த பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார், ஒருவர் வெயில் என்றார். அவளைத் தெரிந்தவர்கள்தான், கதை என்று தெரிந்தவர்கள்தான். எதற்கு வம்பு என்று ஒதுங்கினார்கள். கடைசி பெஞ்சின் ஓரத்தில் சிவந்த, ஒல்லியான ஓர் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள்தான் ஜெயம் என்று ராஜாங்கம் ஊகித்துக்கொண்டார்.

நீளமான பெஞ்சில் ரொசாலி ஒருத்தியாக உட்கார்ந்திருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. தாழ்வாரத்தின் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. அந்தக் காட்டேரிக் கதைய எழுதின காரிருளன் நான்தான். எம்பேரு ராஜாங்கம். நெல்லித்தோப்பு. மில்லுல வேலை."

"அவன் செத்துட்டான்னாங்களே?" என்றார் மெடல் குத்திய ஒரு கிழவர்.

"சாவல. யாரும் எங் கழுத்தக் கடிக்கல, பாருங்க." சட்டைக் காலரைப் பிரித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. "கல்லுல இந்தம்மா பேரு இருந்திச்சி, தேதி இல்ல. எங்க பக்கம் உயிரோட இருக்கறவங்க பேர அப்டி வெட்ட மாட்டாங்க. எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேக்கல. போகிக்கு அத ஒடைக்கப் போறாங்க. எனக்குக் கைகால் ஓடல. நீங்கதான் எதாச்சும் செய்யணும்."

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பேரும்தான்யா அங்க வெட்டிருக்கு. சம்சாரத்துக்குப் பக்கத்துல."

"எம்பேரும் இருக்குது" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கும்தான்" என்றார் தண்ணீர் குடிக்கப் போனவர்.

"அப்ப நாங்கள்லாம் யாருய்யா?" கிழவரின் குரல் உயர்ந்தது. கோபம் ராஜாங்கத்தின் மேலா, தன் மேலேயா என்று சொல்ல முடியாத குரல். "போகிக்கு எவன் வர்றான்னு நான் பாக்குறேன். நாங்க எல்லாரும் போயி அங்க உக்காருவோம்." சொன்னபடியே நாலு நாள் கழித்து, மெடலும் கோட்டுமாக இருபத்தாறு பேர் விடிகாலையிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு கடப்பாரையும் வரவில்லை. ராஜாங்கமும் உட்கார்ந்தார், அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்று அந்தத் தாழ்வாரத்தில், கிழவர் பேசி முடித்ததும் ஜெயம் எழுந்தாள். மெல்ல நடந்து ராஜாங்கத்தின் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று அவர் நினைத்தார், அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள் ரொசாலியிடம். "முப்பது வருசமா பாக்குறவளுக்குத் தெரியாதா? மருமவ விடமாட்டேன்னா. இல்ல, அவ மேல பழி போடக்கூடாது. நாந்தான் பயந்துட்டேன். தெனம் காப்பி போடுறப்ப ரெண்டு டம்ளர் எடுத்து வெப்பேன். ஒண்ண உள்ள வெச்சிடுவேன்."

ரொசாலி ராஜாங்கம் பக்கம் திரும்பவில்லை. அவரை மன்னித்தாளா என்று கேட்டால், அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த ஐந்து வருஷத்தில் அவர் ஊற்றிய தண்ணீரை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். அப்போது அவள் செய்தது ஒன்றே ஒன்று. பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியான இடத்தில் ஜெயம் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து குமாஸ்தா கதவைத் திறந்து, காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மதாம் ரொசாலி சின்னப்பாப்பா!"

தாழ்வாரம் முழுக்கத் திரும்பியது. ரொசாலி எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது, வாயிலும் சத்தம் வரவில்லை. குமாஸ்தா இன்னொரு தரம் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று குறிக்கக் காகிதத்தில் பேனாவை வைத்தார்.

"இருக்கா!" என்று கத்தினாள் ஜெயம், தோழியின் கையை இறுகப் பிடித்துத் தூக்கிக்கொண்டே. "இருக்கா, எழுதிக்க. இதோ வர்றோம்."